60 சதவீதம் என்றால், எந்த நூறில்?

“நீர்க்கடுப்பைத் தரும் ஈ.கோலை பாக்டீரியாவில், நம்ம ஊரில் 60 சதவீதம் அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு மசியாது” என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: யாருடைய சிறுநீரைச் சோதித்தீர்கள்?

நீர்க்கடுப்போடு 100 பெண்கள் டாக்டரிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 பேருக்குத்தான் மருந்துக்கு அடங்காத கிருமி. சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் காசும் ஆகும், ரெண்டு மூன்று நாளும் ஆகும். எல்லாருக்கும் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். சரியாகாமல் திரும்பி வரும் 20 பேர் கையில்தான் சாம்பிள் டப்பா ஏறும். அதில் 12 பேரிடம் அடங்காத கிருமி. ரிப்போர்ட்டில் 60 சதவீதம்! லேப் பொய் சொல்லவில்லை. வாசலிலேயே சலித்து அனுப்பியது நாம். இந்த எண்ணுக்குப் பயந்து முதல் நாளே வீரியமான ஊசிக்குத் தாவினால், நாளைக்கு அந்த ஊசிக்கும் கிருமி பழகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2023-இல் உலகளவில் ஆறில் ஒரு தொற்று, தென்கிழக்கு ஆசியாவில் மூன்றில் ஒன்று மருந்துக்கு அடங்கவில்லை என்கிறது அது. கணக்கில் வந்தவை ஆய்வகம் உறுதிசெய்த பாக்டீரியா தொற்றுகள் மட்டும். தலைப்புச் செய்தியில் முதலில் காணாமல் போவது அந்த ‘ஆய்வகம் உறுதிசெய்த’தான்.

ஐசியூவில் ஒரே நோயாளியிடம் ஆறு முறை சளி எடுத்து, ஆறிலும் வளர்ந்த அதே கிளெப்சியெல்லா பாக்டீரியாவை ஆறாக எண்ணுவது இன்னொரு வழக்கம். ஒரு நோயாளி, ஒரு கிருமி, முதல் சாம்பிள் மட்டும் என்பதே விதி. 30 சாம்பிள்கூடத் தேறாத இடத்தில் சதவீதமே போடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்து, “ஒன்றும் வளரவில்லை, கிருமி இல்லை” என்று முடிவுகட்டுவதும் தவறு.

சோதனைக்கும் ஓரவஞ்சனை உண்டு. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் பெரிய மூலக்கூறு. கிருமி வளர்க்கும் கூழான அகாரில் சரியாகப் பரவாது. அதனால் மருந்து தோய்த்த வட்டை அகார் மேல் வைத்துப் பார்க்கும் வட்டுச் சோதனையின் முடிவை நம்பி அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. திரவத்தில் நீர்த்துப் பார்க்கும் முறைதான் வேண்டும். காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரம், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கான எதிர்ப்பை ஒரு மரபணுவின் சின்னப் பகுதியில் மட்டுமே தேடும். ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினியில் 2009 கணக்கெடுப்பில் சிக்கிய பலமருந்து எதிர்ப்புக் கிருமிகளில் சுமார் 30 சதவீதத்துக்கு, மாற்றம் அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தது. அவற்றை இயந்திரத்தில் போட்டால் ‘எதிர்ப்பு தென்படவில்லை’ என்றே வரும். நோயாளியும் பலிக்காத மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருப்பார்.