விளம்பர ஈமெயில் ஸ்பாமுக்குள் விழாமல் இருக்க என்ன செய்யலாம்

போன தைப்பொங்கலுக்கு முன்னர், புதுக்குடியிருப்பில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் அக்கா ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளர் எண்ணூறு பேருக்கு ஈமெயில் அனுப்பிவிட்டு மூன்று நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடர் ஒன்றும் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மருமகளைக் கூப்பிட்டு ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னோம், அங்கேதான் கிடந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சின்ன வியாபாரங்களுக்கு இந்த வேலையைத்தான் செய்து கொடுக்கிறேன். நல்ல பொருளை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் இந்த ஒரு இடத்தில் தோற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் அதன் மூலத்தைக் காட்டும் தெரிவு வரும். மேலே எஸ்பிஎஃப் (SPF), டிகிம் (DKIM), டிமார்க் (DMARC) என்று மூன்று வரி, மெயில் சொன்ன அனுப்புநரிடம் இருந்துதான் வந்ததா என்று பார்க்கும் மூன்று சோதனைகள்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாஸா பெயிலா என்று இருக்கும். அக்காவுடையதில் டிமார்க் பெயில். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டுவிட்டு, மொத்தமாக அனுப்பித் தரும் வேறொரு சேவை வழியாக அனுப்பியிருந்தார். முகவரி ஜிமெயிலுடையது, மெயில் வந்ததோ வேறு யாருடையதோ சேர்வரில் இருந்து. பெறுகிற பக்கம் இதை ஆள்மாறாட்டம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே கடையின் பெயரில் சொந்த டொமைன் ஒன்று, அதாவது ஈமெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்குங்கள். அப்புறம் டொமைனின் பதிவுகளை வைக்கும் டிஎன்எஸ் (DNS) பக்கத்தில் அந்த மூன்றையும் போட வேண்டும். என் பெயரில் எந்தெந்தச் சேர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையெழுத்து டிகிம். இவை அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். போட வேண்டிய வரிகளை அனுப்பும் சேவையே தரும், பார்த்து ஒட்டினால் சரி. ஆனால் ஒரு பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: ஏற்கனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருக்க, புதுச் சேவைக்கு இன்னொன்று சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழைத்துவிடும். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். டிகிம் கையெழுத்தும் சேவையின் டொமைனில் இல்லாமல் உங்கள் டொமைனில் விழுகிறதா என்று பாருங்கள். டிமார்க்கை முதலில் வெறுமனே அறிக்கை மட்டும் வாங்கும் நிலையில் வைத்து, சில கிழமை பார்த்துவிட்டு இறுக்கலாம்.

கூகுளும் யாகூவும் 2024 பெப்ரவரியில் இருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் வேண்டும், அதற்குக் குறைவாக அனுப்புகிறவருக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லையே என்று விட்டுவிடாதீர்கள், மூன்றையும் போடுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஸ்பாமில் விழுகிறதென்றால் பிழை நீங்கள் அனுப்பும் முகவரிப் பட்டியலில். ஸ்பாம் என்று அழுத்துகிறவர்களின் வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறது கூகுள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் மூன்றே மூன்று பேர். பழைய மாணவர் சங்கப் பட்டியலையும் கோயில் திருவிழா உபயகாரர் பட்டியலையும் யாரிடமோ வாங்கிக் கொட்டினால் அந்த மூன்று பேர் முதல் நாளே கிடைத்துவிடுவார்கள். அவர்கள் உங்களைக் கேட்கவே இல்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படியான செய்திகளுக்கு ஒப்புதல் வேண்டும் என்றுதான் சொல்கிறது. வாங்கியவர், தானாகப் பதிந்தவர் மட்டும் போதும். முகவரி இல்லை என்று திரும்பி வந்ததை அன்றைக்கே நீக்குங்கள். விலகும் இணைப்பை ஒளிக்கவே ஒளிக்காதீர்கள்; எங்கள் சனம் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லாது, வழி தெரியாவிட்டால் பேசாமல் ஸ்பாம் என்று அழுத்திவிட்டுப் போய்விடும். ஒரே அழுத்தில் விலகும் வசதி உங்கள் சேவையில் இருக்கும், அதை இயக்கிவிடுங்கள்.

உள்ளடக்கத்தில் மூன்று விஷயம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்ததை அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் திரையில் வணக்கம் என்று தெரிவது அந்தப் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் போய்ச் சேரும், அதைப் பார்த்தவர் என்ன அழுத்துவார் என்று சொல்லவே தேவையில்லை. யூனிகோடுக்கு மாற்றுங்கள். அடுத்தது, நோட்டீஸ் படம் ஒன்றை மட்டும் போட்டு அனுப்புவது. படத்துக்குள் இருக்கும் விலையும் விவரமும் எழுத்தாகவும் இருக்கட்டும். மூன்றாவது, மெயிலின் அளவு. எழுத்தும் அதற்குப் பின்னால் உள்ள நிரலும் சேர்ந்து 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மெயிலை இடையில் வெட்டும், அடியில் உள்ள விலகும் இணைப்பும் அதோடு மறையும். யூனிகோடில் பனங்கட்டி என்ற ஒரு சொல்லே 27 பைட். வேர்டில் இருந்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வேண்டாத நிரலும் கூடவே வரும், அதனால் நேரடியாகவே அடியுங்கள்.

புது டொமைனை இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால் அதில் இருந்து எண்ணூறு பேருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். சித்திரை வருடப்பிறப்புக்கு அக்கா முதல் நாள் அனுப்பியது அண்மையில் வாங்கிய ஐம்பது பேருக்கு மட்டும். "மா எப்படி இருந்தது, ஒரு வரி பதில் போடுங்கோ" என்று கடைசியில் எழுதியிருந்தார். பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து நூறு, பிறகு இருநூறு. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னர் தன்னுடைய ஜிமெயில், யாகூ, அவுட்லுக் கணக்குகளுக்கு ஒன்று அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்பினார்.