டயல்-அப் இழுக்கிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள்

டயல்-அப் என்பது மோடம் (கம்ப்யூட்டர் தகவலைப் போன் ஒயரில் போகும் ஒலியாக மாற்றும் கருவி) போன் லைனில் டயல் செய்து நெட்டில் இணையும் பழைய முறை. இந்தக் குறிப்புகள் அதற்குத்தான். "நெட் வேகமா வர ஏதாவது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுங்க" என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போனால், நான் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. போனை எடுத்துக் காதில் வைத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துவேன். டயல் டோன் நின்றுவிடும். அதன்பிறகு லைனில் என்ன கேட்கிறது என்பதுதான் விஷயம். கரகரவென்று கேட்டால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை. ஒரே சுருதியில் ம்ம்ம் என்று இரைந்தால், போன் ஒயர் கரண்ட் ஒயரை ஒட்டிப் போகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மோடம் இந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டித்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

போன் ஒயர் வந்து சேரும் சுவர்ப் பெட்டியான ரோசெட்டைத் திறந்து பாருங்கள். திருகாணி பச்சை பிடித்திருக்கும், செம்புக் கம்பி கறுத்திருக்கும். கறுத்த நுனியை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, இறுக்கி முறுக்குங்கள். லைனில் சுமார் 48 வோல்ட் எப்போதும் உண்டு, மணி அடிக்கும்போது இன்னும் அதிகம். அதனால் ஈரக்கையோடு வேண்டாம். இடி இடிக்கும்போது அந்தப் பக்கமே போகவேண்டாம், மோடம் ஒயரையும் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் பாரலல் போன்கள், அதாவது ஒரே லைனில் மாட்டிய கூடுதல் போன்கள். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, நடுவில் ஒரு காலர் ஐடி பெட்டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒயர் வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசெட்டிலேயே மோடத்தைச் சொருகி ஒருமுறை டயல் செய்யுங்கள். வேகம் ஏறினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எது மாட்டியதும் இறங்குகிறதோ, அதுதான் வில்லன். எல்லாம் கழற்றியும் கரகரப்பு போகவில்லையென்றால் கோளாறு வெளியே, கம்பத்தில். புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், யாரும் வரமாட்டார்கள். "பேசினால் காது கேட்கவில்லை, ஒரே இரைச்சல்" என்று சொல்லுங்கள், லைன்மேன் வருவார்.

வேகம் ஏறியதா என்று எப்படித் தெரியும்? பழைய விண்டோஸில் திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கம்ப்யூட்டர் படத்தின்மேல் மவுஸை வையுங்கள். நொடிக்கு எத்தனை பிட் என்று காட்டும். 1,15,200 என்று காட்டினால் மகிழ வேண்டாம், அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். 45,333, 49,333 போன்ற எண்கள் வந்தால் 56கே மோடங்களின் வி.90 முறையில் இணைந்திருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது. 31,200, 28,800 என்று வந்தால் மோடம் பழைய வி.34 முறைக்கு இறங்கிவிட்டது. மறுபடி ஒயரிடம் போகவேண்டியதுதான். பெட்டியில் 56கே (நொடிக்கு 56,000 பிட்) என்று போட்டிருந்தாலும் முழு 56 எந்த வீட்டிலும் வராது, அதற்காக மோடத்தை மாற்றாதீர்கள். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 45,333 வந்தாலே நொடிக்கு ஐந்தரை கிலோபைட் கிடைக்கும். ஒரு எம்பி இறங்க ஏறக்குறைய மூன்று நிமிடம்.

கால் வெயிட்டிங் இருந்தால் நெட்டில் இருக்கும் நேரத்துக்கு நிறுத்திவையுங்கள். நடுவில் வரும் அந்த 'பீப்' போதும், லைன் அறுந்துவிடும்.

நெட் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஆக்சிலரேட்டர் சாஃப்ட்வேர்களை நான் போடுவதில்லை. நீங்கள் கேட்காத பக்கங்களையும் முன்கூட்டியே இழுத்து வைப்பதுதான் பலவற்றின் வித்தை, அது இருக்கிற வேகத்தையும் தின்றுவிடும். எழுத்துகளை மோடமே சுருக்கித்தான் அனுப்புகிறது. கனம் எல்லாம் படங்களில்தான். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மோடத்தால் இன்னும் சுருக்க முடியாது. பிரவுசரில் படங்களை நிறுத்திவிட்டுப் படியுங்கள், பழைய பிரவுசர்களில் வேண்டிய படத்தை மட்டும் வலது கிளிக் செய்து வரவழைக்கலாம். ஒரு பக்கத்தைப் படிக்கும்போதே அடுத்ததை இன்னொரு விண்டோவில் திறந்துவிடுங்கள். மெயிலை லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாக எழுதி, எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புங்கள், போன் பில்லும் மிச்சம்.

பெரிய ஃபைல் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் கட்டாயம் வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுவிட்டுப் படுங்கள், ஆனால் ரிசீவர் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.