படகுத் துறை வடிவமைப்பு: சுவருக்கு முன்னால் வாயைத் தீர்மானியுங்கள்

துறைமுக வேலை என்று வந்துவிட்டால் எல்லாருடைய கையும் முதலில் அலைதடுப்புச் சுவரைத்தான் வரையும். கல் எத்தனை டன், சரிவு எவ்வளவு, உச்சி எந்த மட்டம் என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடும். உல்லாசப் படகுகள் நிற்கும் மெரினாவோ சிறிய மீன்பிடித் துறைமுகமோ, நான் பின்பற்றும் வரிசை வேறு. உள்ளே தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அடுத்து, வாய், அதாவது படகு நுழையும் வழி, எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சுவர் அதற்கப்புறம்தான். சுவர் பலவீனமாக இருந்தால் கல் சேர்த்துச் சரிசெய்யலாம். வாய் தப்பான இடத்தில் அமைந்தால், அந்தத் துறைமுகம் இருக்கும் வரை மணல் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கட்டிய படகுகளின் கயிறு அறுந்துகொண்டே இருக்கும்.

அமைதி என்பதை எண்ணாக்க வேண்டும். சிறு படகுகளுக்குப் பரவலாகப் பயன்படும் வரம்பு இது: ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மோசமான நேரத்திலும், படகின் மூக்கில் மோதும் அலை சுமார் 30 சென்டிமீட்டரையும், பக்கவாட்டில் மோதும் அலை சுமார் 15 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். படகு கட்டும் மிதவை மேடைகளைத் திருப்பிப் போட்டு, படகின் மூக்கு அலை வரும் பக்கம் பார்க்கும்படி செய்தாலே, அதே தண்ணீரில் இரண்டு மடங்கு அலையைத் தாங்கலாம். ஒரு கல்கூடச் செலவில்லாத வேலை இது. நிலத்தின் பக்கம் எப்படி வசதியோ அப்படி மேடைகளை அடுக்கிவிட்டு, பிறகு சுவரை நீட்டச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

அலை விவரம் கேட்கும்போது உயரத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உயரம், திசை, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நேரம், இந்த மூன்றும் சேர்ந்தே வர வேண்டும், அதுவும் பருவவாரியாக. ஆழ்கடலில் அலையின் நீளம் அந்த நேரத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும். 6 விநாடி அலை 56 மீட்டர் நீளம். 14 விநாடி அலை 300 மீட்டருக்கும் மேல். உயரம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாலும் முதலாவது சுவரின் நுனியில் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது வளைந்து உள்ளே வரும். பக்கத்தில் வீசும் காற்றால் எழும் அலையை மட்டும் பார்த்து, தொலைவிலிருந்து வரும் நீள அலையை விட்டுவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பு.

50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். 50 ஆண்டு நிற்கப்போகும் துறைமுகத்தில், அந்த அலை ஒருமுறையாவது வந்து போவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 100 ஆண்டு அலைக்கும் அது ஏறக்குறைய 40 சதவீதம். பணம் போடுகிறவரிடம் இதை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

கரைக்கு அருகே இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. ஓர் அலையின் உயரம் தண்ணீர் ஆழத்தில் சுமார் 0.78 பங்கை எட்டும்போது அது உடைந்துவிடும். 4 மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டருக்கு மேல் அலை நிற்காது என்று நிம்மதி அடையத் தோன்றும். ஆனால் புயல் நேரத்தில் கடல் மட்டமே 1 மீட்டர் ஏறினால் ஆழம் 5, அலை 3.9. சுவரின் அடியில் மணல் அரித்துப் போனால் இன்னும் கூடும். எப்போதும் ஏறிய மட்டத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

வாய்

கரையோரமாக மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓர் ஆண்டில் நிகரமாக எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் வாயைக் குறிக்கவே கூடாது. மணல் ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் நீட்டினால், வரும் பக்கம் கரை வளரும், போகும் பக்கம் கரை அரிக்கும். 1876இல் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்ததும், வடக்கே கரை பறிபோனதும் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1920களின் இறுதியில் சுவர் கட்டியபோதும் இதே கதைதான்.

ஆகவே மணல் வரும் பக்கத்துச் சுவரை நீளமாக எடுத்து, அதன் நுனி மற்றச் சுவரைத் தாண்டி வளைந்து மூடுகிற மாதிரி அமையுங்கள். வாய் மணல் போகும் பக்கம் பார்க்கட்டும். நுனி, வழக்கமான பருவத்தில் அலை உடையும் இடத்துக்கு வெளியே போக வேண்டும், ஏனென்றால் மணல் பெரும்பாலும் உடையும் அலைக்குள்தான் நகர்கிறது. இதெல்லாம் செய்தாலும் ஒருநாள் மணல் சுவரை நிரப்பிவிட்டுச் சுற்றி வரும். அதை வாரி மறுபக்கக் கரையில் கொட்டும் செலவை முதல் நாள் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த மணல் அடுத்த கரைக்குச் சேர வேண்டியது. நாம் வழிமறித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வாயின் ஆழத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. படகு தண்ணீருக்குள் அமிழும் அளவு 2.5 மீட்டர். வாயில் 1.5 மீட்டர் அலை வரை படகு வரலாம் என்று வைத்தால் அதில் பாதி, 0.75. அடியில் இடைவெளி 0.5. அடுத்த தூர்வாரல் வரை படியும் மண்ணுக்கு 0.5. மொத்தம் 4.25 மீட்டர், அதுவும் மிகத் தாழ்ந்த வற்று மட்டத்துக்குக் கீழே. அகலம், வரப்போகும் பெரிய படகின் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்; கடல் கொந்தளிக்கும் இடமென்றால் இன்னும் கூட்டுவேன். பின்னாலிருந்து அலை தள்ளும்போது சுக்கான் சரியாகப் பிடிக்காது. அதனால் வாயைத் தாண்டிய உடனே திருப்பம் வைக்காதீர்கள். பல படகு நீளத்துக்கு நேர்வழி இருக்கட்டும்.

உள்ளே நுழைந்த அலை

சுவரின் நுனியிலிருந்து அலை வரும் திசையிலேயே ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மேல் அலை உயரம் சுமார் பாதி. அதைத் தாண்டிச் சுவரின் மறைவுக்குள் போகப் போக இன்னும் குறையும். இந்த ஒரு கோட்டை வைத்தே, படகு கட்டக் கூடாத இடம் எதுவென்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கணினி மாதிரி அப்புறம் வரட்டும்.

வாய்க்கு நேர் எதிரே செங்குத்துச் சுவர் வேண்டாம். அது வந்த அலையை ஏறக்குறைய முழுதாகத் திருப்பி அனுப்பும். சுவர் முகத்தில் உயரம் இரட்டிக்கும். அங்கே கல் சரிவோ சின்ன மணல் கரையோ விடுங்கள். படகு அணைய நேர்ச்சுவர் தேவையென்றால் மறைவான பக்கத்தில் கட்டுங்கள்.

இனி, பலரும் விட்டுவிடும் விஷயம். பார்ப்பதற்குத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும், அலையே தெரியாது. ஆனால் படகுகள் மெல்ல முன்னே போய், நின்று, பின்னே வரும். கயிறுகள் தொய்ந்து, பிறகு விறைத்து முறுக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீளும் ஆட்டம் இது. தொலைவிலிருந்து வரும் அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் பிறக்கும் மிக நீண்ட அலை, துறைமுகத்தின் சொந்த ஆட்டத்தோடு ஒத்துப்போய்விடுகிறது. வாளித் தண்ணீரைத் தூக்கி நடக்கும்போது, நம் நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் தளும்புமே, அதுபோல.

சொந்த ஆட்டத்தின் நேரத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஆழத்தை 9.81ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நீண்ட அலையின் வேகம். 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 6.26 மீட்டர். துறைமுகத்தின் உள்நீர்ப் பரப்பை ஒரு தொட்டியாக எண்ணுங்கள். இரு முனையும் மூடிய 200 மீட்டர் நீளத் தொட்டிக்கு, நீளத்தின் இருமடங்கை அந்த வேகத்தால் வகுத்தால் 64 விநாடி. ஒரு முனை திறந்திருந்தால் நான்கு மடங்கை வகுக்க வேண்டும்: 128 விநாடி. முனைகளில் தண்ணீர் வெறும் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய தொட்டியின் நடுவில் மட்டம் ஏறவோ இறங்கவோ செய்யாது. ஆனால் அங்கேதான் தண்ணீர் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 1.6 மீட்டர் ஓடும். நடுவில் கட்டிய படகும் கூடவே ஓடப் பார்க்கும். ஆகவே அளவுக் கருவியை மூலையில் வையுங்கள். நடுவில் வைத்தால் அலையே இல்லை என்று காட்டும், அங்கேதான் கயிறு அறுந்துகொண்டிருக்கும். பதிவை 10 நிமிடச் சராசரியாக வாங்கினால் எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை, ஒரு முழுப் பருவம் பதியுங்கள்.

இதற்குக் கல் சரிவு உதவாது. 64 விநாடி அலை இந்த ஆழத்தில் 400 மீட்டர் நீளம். சில மீட்டர் சரிவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாயைக் குறுக்குவதும் கைகொடுக்காமல் போகலாம். குறுகிய வாய், ஆட்டத்தை உள்ளேயே பூட்டி இன்னும் பெரிதாக்கக்கூடும் என்று மைல்ஸ், மங்க் என்ற ஆய்வாளர்கள் 1961லேயே காட்டினார்கள். ஸ்பெயினின் மெனோர்கா தீவில் உள்ள சியூதாடேயா துறைமுகத்தில் 2006 ஜூனில் காற்றழுத்த மாற்றம் கிளப்பிய இப்படிப்பட்ட ஆட்டத்தில் பல படகுகள் சேதமாயின. மருந்து ஒன்றுதான்: தொட்டியின் நீளத்தையும் ஆழத்தையும் மாற்றி, அதன் சொந்த நேரத்தை வெளியே வரும் நீண்ட அலையின் நேரத்திலிருந்து விலக்குவது. வரைபடத்தில் இருக்கும்போதுதான் அது மலிவு.

கல்

அலை உயரத்திலிருந்து கல்லின் எடையைச் சொல்லும் ஹட்சன் சூத்திரம் தொடக்கத்துக்குப் போதும். 1-க்கு 2 சரிவு, இரண்டு அடுக்குக் கருங்கல், சுவரின் மேலேயே உடையும் அலை என்றால், 3 மீட்டர் அலைக்கு ஒரு கல் சுமார் 4.5 டன். 4 மீட்டருக்கு 10.6 டன். எடை உயரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. முன்னே சொன்ன புயல் மட்டம் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே தெரியும். உடையாத அலைக்கான குணகத்தைப் போட்டால் கல் எடை பாதியாகிவிடும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். இந்தச் சூத்திரத்தில் அலையின் நேரம் கிடையாது. நீள அலை வரும் கடற்கரையில் 1988இல் வான் டெர் மீர் கொடுத்த சூத்திரத்தாலும் சரிபாருங்கள். இந்தக் கற்களுக்கு அடியில் வரும் அடுக்குக்குப் பத்தில் ஒரு பங்கு எடை. குவாரியில் அவ்வளவு பெரிய கல் உடைந்து வருமா என்று வடிவமைக்கும் முன்பே போய்க் கேளுங்கள்.

கல் கிடைக்காவிட்டால் கான்கிரீட் வார்ப்பு. போர்த்துகலின் சினஷ் துறைமுகத்தில் டோலோஸ் எனப்படும், மெல்லிய கால்கள் கொண்ட 42 டன் வார்ப்புகள் 1978 பிப்ரவரிப் புயலில் உடைந்து நொறுங்கின. பெரிதாக்கப் பெரிதாக்க எடை கூடும் வேகத்தில் மெல்லிய கால்களின் வலிமை கூடாது.

கல்லைக் கொட்டாமல் ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று இடத்தில் பக்கத்துக் கல்லைத் தொட்டு நிற்க வேண்டும். தண்ணீருக்கு மேலே உள்ளவற்றை நான் ஏறிப்போய்க் கடப்பாரையால் நெம்பிப் பார்ப்பேன். ஆடுகிற கல்லை எடுத்துத் திருப்பி வைக்கச் சொல்வேன்.

தண்ணீர் மாறுவது

அலை புகாத இடத்தில் புதுத் தண்ணீரும் புகாது. உயர் ஓதத்தில் ஆழம் 4 மீட்டர், ஓத வீச்சு, அதாவது உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம், 1 மீட்டர் என்றால் ஒவ்வொரு ஓதத்திலும் கால் பங்கு வெளியேறும். அதில் பாதி அப்படியே திரும்பி வருகிறது என்று வைத்தால் நிகரம் எட்டில் ஒரு பங்கு. அழுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இறங்கச் சுமார் 4 நாள், பத்தில் ஒரு பங்காக 9 நாள். 4 நாளுக்கு மேல் போனால் நான் வடிவத்தைத் திருத்துவேன்: மூலைகளை உருட்டுவேன், நீளத்தை அகலத்தைப் போல இரு மடங்குக்கு மேல் விடமாட்டேன், உள்ளே முட்டுச் சந்துகளை ஒழிப்பேன்.

கடைசியாக, சுவரைச் சிறிய அளவில் கட்டி அலைத் தொட்டியில் பார்க்கும் மாதிரிச் சோதனை. 1-க்கு 36 அளவில் நேரம் ஆறில் ஒன்றாகும். 12 விநாடி அலை தொட்டியில் 2 விநாடி. 4.5 டன் கல் 96 கிராம், உள்ளங்கையில் அடங்கும். தொட்டியில் நன்னீர் என்பதால் எடையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கற்களுக்குப் பட்டை பட்டையாக வேறு வேறு வண்ணம் அடித்து அடுக்குங்கள். கேமராவை நகர்த்தாமல் முன்னும் பின்னும் படம் எடுத்தால், சிவப்புப் பட்டையில் விழுந்த மஞ்சள் கல் தானே காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நகர்ந்திருந்தால் சரிவை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கட்டி முடித்த பிறகும் இதே பழக்கம் தொடரட்டும்: முதல் புயல் பருவத்துக்கு முன்னும் பின்னும் வாயின் ஆழத்தை ஒரே கோடுகளில் அளந்து, இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள்.