நாரத்தை, கமலா மர்மலேடு: முதல்முறை செய்பவர்களுக்கு

மார்கழி, தை மாதங்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வடசேரி சந்தையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் கமலா ஆரஞ்சு மலிவாகக் கிடைக்கும். சுளையைத் தின்றுவிட்டுத் தோலைத் தூர எறிவதுதான் வழக்கம். பழத்தோலைச் சாறோடும் சீனியோடும் காய்ச்சிச் செய்யும் ஜாம் வகையான மர்மலேடுக்கு வேண்டியதே அந்தத் தோல்தான்.

ஐரோப்பாவில் இதற்குச் செவில் என்ற கசப்பு ஆரஞ்சைத் தேடி வாங்குவார்கள். நம்மூரில் அந்தக் கசப்பும் புளிப்பும் நாரத்தையில் இருக்கிறது. கமலாவை மட்டும் போட்டால் மணம் வரும், ஆனால் இளகிப் போகும், வெறும் இனிப்பாக இருக்கும். நாரத்தையை மட்டும் போட்டால் கசப்பு தாங்காது. இரண்டையும் கலப்பதே சரி.

தேவையானவை

கமலா ஆரஞ்சு 3 (சுமார் 300 கிராம்)
நாரத்தங்காய் 1 (சுமார் 200 கிராம், மஞ்சள் ஏறத் தொடங்கிய செங்காய்)
எலுமிச்சம்பழம் 2
தண்ணீர் 1¼ லிட்டர்
சீனி சுமார் 900 கிராம்
கிராம்பு 3, விருப்பமிருந்தால்

மாறாமலையிலும் வெள்ளிமலையிலும் விளையும் நம் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் கூடுதல் என்பதால் மூன்றுக்கு மேல் போடாதீர்கள். கருப்பட்டியும் மார்த்தாண்டம் தேனும் நமக்குப் பெருமைதான், இதற்கு மட்டும் வேண்டாம். கருப்பட்டி போட்டால் பழத்தின் மணம் எடுபடாது; தேனின் மணம் கொதியிலேயே போய்விடும்.

பாத்திரம் அடி கனத்த, அகலமான எவர்சில்வராக இருக்கட்டும். ஐந்து லிட்டராவது பிடிக்க வேண்டும், சீனி போட்டதும் பொங்கி ஏறும். அலுமினியமும் வெண்கல உருளியும் கூடாது. இவ்வளவு புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு இடத்தில் கைகொடுக்கும்.

முதல் நாள்

கடைப் பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவுங்கள். எல்லாப் பழத்தையும் குறுக்கே வெட்டிச் சாறு பிழியுங்கள். விதை, சக்கை எதையும் எறிய வேண்டாம். நாரத்தைத் தோலின் உள்ளே தடித்திருக்கும் வெள்ளைப் பகுதியைக் கத்தியால் சீவி எடுங்கள். இவற்றைக் கிராம்போடு சேர்த்து மெல்லிய மல் துணியில் தளர்வாக முடியுங்கள். மர்மலேடை இறுக வைக்கும் பெக்டின் பெரும்பாலும் இந்த மூட்டையில்தான் இருக்கிறது.

கமலா, நாரத்தைத் தோல்களை 3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்குங்கள். நாரத்தைத் தோலை மட்டும் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கசப்பு பாதி அடங்கும். பிறகு தோல், சாறு, மூட்டை எல்லாவற்றையும் 1¼ லிட்டர் தண்ணீரில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். புழுக்கம் அதிகமென்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

மறுநாள் வேகவைப்பது

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அரைமூடியில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். ஒரு தோல் துண்டை எடுத்து விரலிடையில் நசுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் மசிய வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது. சீனி சேர்ந்த பிறகு தோல் மேற்கொண்டு வேகாது, விறைத்து ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

மூட்டையை ஆறவைத்து நன்றாகப் பிழியுங்கள். கொழகொழவென்று வடிவதை முழுதும் பாத்திரத்தில் சேருங்கள். இப்போது பாத்திரத்தோடு நிறுத்து, வெறும் எடையைக் கழித்தால் 900 கிராம் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் வற்றவிடுங்கள், குறைந்தால் தண்ணீர் சேருங்கள். இதே எடைக்குச் சீனி.

சிறுதீயில் சீனி முழுதாகக் கரையட்டும். அகப்பையின் பின்புறத்தில் ஒரு குருணைகூடத் தெரியக் கூடாது. பிறகு தீயைக் கூட்டுங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும். 15 முதல் 20 நிமிடத்தில் நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும். அங்கிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

பதம்

தெர்மாமீட்டர் இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். நாகர்கோவில், குளச்சல் போன்ற இடங்கள் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் இந்த அளவை அப்படியே நம்பலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மறுபடி நிறுத்துப் பாருங்கள்: சீனியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 1,350 கிராம் அளவில் இறக்கலாம். கூடவே ஃபிரீசரில் வைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. இந்தச் சோதனை நடக்கும்போது அடுப்பை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பதம் தாண்டிவிடும்.

இறக்கியதும் நுரையை வழித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, ஒருமுறை கிளறிய பின் பாட்டிலில் ஊற்றுங்கள். உடனே ஊற்றினால் தோல் முழுக்க மேலே மிதக்கும். பாட்டில்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டும். மூடியும் அப்படியே.

தவறினால்

இறுகவில்லையா? இரண்டு நாள் பொறுங்கள், சில நேரம் தாமதமாகத்தான் இறுகும். அதற்குப் பிறகும் ஓடினால் ஒரு எலுமிச்சைச் சாறு விட்டுத் திரும்பக் கொதிக்கவைக்கலாம். சீனி பூத்துக் கரகரத்தால், கரையும் முன் கொதிவிட்டிருப்பீர்கள் அல்லது புளிப்பு போதவில்லை. கறுத்துக் கட்டியாகிக் கசந்தால் பதம் தாண்டியது. வெந்நீர் விட்டு இளக்கலாம், கருகல் வாடை போகாது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். பூஞ்சை பிடித்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.