மிளாவின் ரோமத்துக்குக் கதம்பை நார்

மிளா என்ற பெரிய காட்டு மான், மலையணில் இவற்றை வரையும்போது ரோமத்துக்கு விலை கூடிய பிரஷ் வேண்டாம். விரல் நீளத்துக்குக் காய்ந்த கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையைக் கிழித்து, ஒரு முனையைக் கல்லில் தட்டி நாரைப் பிரியுங்கள். அக்ரிலிக்கில் லேசாகத் தொட்டு, பழைய துணியில் ஒற்றி, ரோமம் போகும் திசையில் இழுத்தால் போதும். நார்கள் ஒரே தடிமனில் இருக்காது; அதனால் ஒரே இழுப்பில் தடித்தும் மெலிந்தும் பல கோடுகள் விழும். மிளாவின் கழுத்து ரோமமும் அப்படித்தான், முரடாகச் சிலிர்த்து நிற்கும். சின்ன வயதில் கன்னியாகுமரி மாவட்டக் கீரிப்பாறைப் பக்கம் பார்த்த அந்தக் கழுத்தை எந்தப் போட்டோவும் எனக்கு இவ்வளவு சரியாகத் தந்ததில்லை. நிறத்துக்குப் போட்டோவைப் பாருங்கள், நிற்கும் தோரணைக்கு நினைவை நம்புங்கள்.

கண், மூக்குக்கு இது ஆகாது. சின்ன பிரஷ்தான் சரி. வாட்டர்கலர் தாளிலும் வேண்டாம், நார் கீறிவிடும்.