பனித்துளி கோத்த சிலந்தி வலை: படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடுபனிக் காலையில் எடுக்கும் சிலந்தி வலைப் படங்கள் பெரும்பாலும் கெடுவது பின்னணியால்தான், கேமராவால் அல்ல. வலையின் அழகில் மயங்கி நிற்கும்போது, அதற்குப் பின்னால் வெளிறிய வானம் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. வெள்ளைக்கு முன்னால் வெள்ளைத் துளிகள் எப்படித் தெரியும்? ஓரடி நகருங்கள், இல்லை முழங்காலிட்டுக் குனியுங்கள். நிழல் படிந்த புதரோ மரமோ பின்னால் வந்துவிட்டால் அதே வலை பளிச்சென்று எழுந்து நிற்கும். அந்தப் புதர் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது. இலைகளும் கிளைகளும் கலங்கி ஒரே நிறமாகிவிடும்.

அடுத்தது, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பது. பனித்துளி தன்னுள் நுழையும் ஒளியை வளைத்து எதிர்ப்பக்கம் அனுப்பும். அதனால் வெளிச்சம் வலைக்குப் பின்னாலிருந்து, சற்றுப் பக்கவாட்டில் வர வேண்டும். ஆனால் அது நேராக லென்ஸுக்குள் விழுந்தால் படம் வெளுத்துவிடும்; லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் மறைப்பான ஹூட்டை மாட்டுங்கள், அல்லது கையால் நிழல் கொடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். முன்னால் மிதக்கும் பனியைத்தான் அது முதலில் வெளிச்சமாக்கும்.

அதிகம் பேர் தடுமாறுவது ஃபோகஸில். மெல்லிய இழைகளை விட்டுவிட்டு ஆட்டோஃபோகஸ் பின்னணிக்குத் தாவிவிடும். கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவலுக்கு மாறி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒரு துளியின் மேல் நிறுத்துங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். வட்ட வலை ஏறக்குறைய தட்டையானது என்பதால், கேமராவின் பின்புறத்தை அதற்கு இணையாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு (அப்பர்ச்சர்) எஃப் 8 முதல் 11 வரை போதும். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று துவாரத்தை மிகவும் சுருக்கி எஃப் 22க்குப் போனால், ஒளி அதன் விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மழுங்கும். செல்பேசியில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடைத் தவிர்க்கவும். அது பின்னணியைக் கலைக்கும்போது இழைகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

துளிக்குள் தலைகீழாகத் தெரியும் காட்சியை எடுக்க ஆசைப்பட்டால் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த உருவம் துளியின் விளிம்பில் இல்லை, அதற்குச் சற்று முன்னால், நம் பக்கம் உருவாகிறது. ஃபோகஸை ஒரு மயிரிழை முன்னால் இழுங்கள்.

கண்ணுக்கு அசையாத வலைகூட லென்ஸில் ஊஞ்சலாடும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம், வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்தால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், அசைவை முடியாது.

வெளிச்ச அளவில் கேமரா இரண்டு விதமாக ஏமாறும். பனி நிறைந்த காட்சியைச் சாம்பலாக்கும், அதற்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இருண்ட பின்னணி இருந்தால் துளிகளை எரித்துவிடும், அதற்குக் குறைக்க வேண்டும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். கொஞ்சம் முன்னதாகவே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். வெயில் ஏறினால் துளிகள் வேகமாக மறைந்துவிடும், ஆகவே எங்கே வலை இருக்கும் என்று முந்தின நாளே பார்த்து வைப்பது நல்லது. பல சிலந்திகள் பழைய வலையைத் தின்றுவிட்டு, அதே இடத்திலேயே புதிதாகப் பின்னும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, பனி இல்லாத நாளில் தண்ணீர் தெளித்து எடுப்பது. தெளிக்கும் துளிகள் பெரிதும் சிறிதுமாக விழுந்து இழைகளைத் தொய்ய வைக்கும். இயற்கையாகப் படியும் பனியின் ஒழுங்கு அதில் வராது. அந்த வலை ஒரு சிலந்தியின் அன்றைய சாப்பாடும்கூட. ட்ரைபாட் காலை ஊன்றும் முன் தரையருகே பாருங்கள். வலையைத் தாங்கும் நங்கூர இழைகள் பக்கத்துப் புல்லிலும் செடியிலும் கட்டியிருக்கும், ஒரு தண்டு சாய்ந்தால் மொத்த வலையும் சுருங்கிவிடும். குறுக்கே நிற்கும் இலையைக்கூடக் கிள்ளாமல், நீங்கள் நகர்ந்து வேறு கோணம் தேடுங்கள்.