மோலே ஊரில் சாப்பிடப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு மெக்சிகோவில் இருக்கும் வஹாகா நகரத்தில், நல்ல உணவகம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நாச்சோஸ் உண்டா, புரீட்டோ உண்டா என்று கேட்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்றைக்கும் பஞ்சமில்லை. சர்வர் முகம் சுளிக்க மாட்டார். இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மெனுவை மறுபடியும் நீட்டுவார். நாச்சோஸும் புரீட்டோவும் அமெரிக்க எல்லையை ஒட்டிய வட மெக்சிகோ சரக்கு. அமெரிக்கா வழியாக உலகம் முழுக்கப் போனது அதுதான் என்பதால், நாடு முழுக்க அதையே சாப்பிடுவார்கள் என்று நமக்கும் பதிந்துவிட்டது. வஹாகாவில் மக்காச்சோளமும், மிளகாயும் மசாலாவும் அரைத்து வைக்கும் மோலே எனும் குழம்பும், கற்றாழையிலிருந்து வடிக்கும் மெஸ்கால் மதுவும் ராஜ்ஜியம் செய்கின்றன. கிழக்கே யுகத்தானுக்குப் போனால் புளிப்பு ஆரஞ்சும் ஆபனேரோ மிளகாயும். நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் புவெப்லாவுக்கு வேறு கதை. ஒரு வட்டாரத்து உணவகத்துக்குப் போகும்போது நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், அது எந்த ஊர் அடுப்பு என்று பார்க்காமல் போவதால் வருபவை.

2024-ல் மிஷெலின் கையேடு முதல் முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது வஹாகா நகரில் லோஸ் டான்சான்டெஸ், லெவதுரா தே ஓயா என்ற இரண்டு உணவகங்களுக்குத் தலா ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அதிலிருந்து கூட்டமும் கூடிவிட்டது, தவறுகளும் கூடிவிட்டன.

இரவில் போவது

முதலில் நேரம். நம் ஆட்களுக்கு நல்ல உணவகம் என்றால் இரவுச் சாப்பாடுதான். மெக்சிகோவில் நாளின் பெரிய சாப்பாடு பகல் 2 மணிக்கு மேல் தொடங்கும், சாவகாசமாக நாலு, நாலரை வரை போகும். மோலே மாதிரி கனமானதை அங்கே அந்த நேரத்தில்தான் சாப்பிடுகிறார்கள். இரவில் வயிற்றுக்கு லேசாக ஏதாவது. பாரம்பரியமாகச் சமைக்கும் இடங்களில் பல, மாலையோடு அடுப்பை அணைத்துவிடும். எட்டு மணிக்கு டாக்சி பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. இரவிலும் திறந்திருக்கும் பெரிய இடங்கள் இருக்கின்றன, சரி. ஆனால் பகல் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து மேசையில் மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சமையலறை முழு வேகத்தில் ஓடுவதும் அப்போதுதான்.

மெக்சிகோ சிட்டியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டி உயரம். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ராத்திரி பத்து மணிக்குப் பத்து வகை விருந்தும் மதுவுமாக உட்கார்ந்தால் மறுநாள் காலை பாழ்.

ஜூலை மாதக் கெலகெட்சா விழா சமயத்திலும், நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளை ஒட்டியும் வஹாகாவுக்குப் போகிறீர்கள் என்றால், விமான டிக்கெட் எடுத்த கையோடு மேசையையும் பதிவு செய்துவிடுங்கள்.

கறியைப் பார்த்து மோலேயைத் தேர்ந்தெடுப்பது

பெரிய தவறு இதுதான். மெனுவில் 'மோலே நெக்ரோ, கோழியுடன்' என்று இருக்கும். கோழியா, வான்கோழியா, பன்றியா என்று யோசித்து அதை வைத்து முடிவெடுப்பார்கள் பலர். அங்கே கறி துணைக்கு வருவது. தட்டின் நாயகம் மோலேதான். நம் வீட்டில் நல்ல வத்தக்குழம்பு வைத்த அன்று உள்ளே கிடப்பது சுண்டைக்காயா மணத்தக்காளியா என்பது இரண்டாம் பட்சம் ஆகிவிடும் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

மோலே நெக்ரோ, அதாவது கறுப்பு மோலே, எப்படி வருகிறது என்று பாருங்கள். குயிகாத்லான் பள்ளத்தாக்குப் பக்கம் விளையும் சில்வாக்லே என்ற மிளகாய்தான் அதற்கு ஆதாரம். விளைச்சல் குறைவு, விலை அதிகம். அந்த மிளகாயைக் கருகும் எல்லைவரை வறுப்பார்கள். விதைகளைத் தனியே எடுத்து முழுக்கவே கரித்துவிடுவார்கள். அந்த நெடி தெருமுனை வரை அடிக்கும் என்பதால் திறந்த வெளியில் செய்கிறவர்களும் உண்டு. எள், பாதாம், உலர்திராட்சை, வாழைப்பழம், தக்காளி, பட்டை, கிராம்பு, வெண்ணெய்ப்பழ மரத்து இலை எல்லாம் தனித்தனியாக வறுபட்டு, அரைபட்டு, கொழுப்பில் மணிக்கணக்கில் சுருள வதங்கும். சாக்லேட் சேர்வது கடைசியில், அதுவும் கொஞ்சம். மோலே என்றால் சாக்லேட் குழம்பு என்று எழுதுகிறவர்கள் சாப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

தட்டில் வரும்போது கறியே கண்ணுக்குத் தெரியாது. மினுமினுவென்று கறுப்பாக ஒரு பரப்பு, மேலே வெள்ளை எள் தூவல், ஓரத்தில் கொஞ்சம் சோறு. முதலில் புகை வாசனை. அப்புறம் லேசான இனிப்பு. காரம் நிதானமாகத் தொண்டையில்தான் தெரியும். இதை ஒரு வாய் சாப்பிட்டதும் மேலே சால்சா எனும் மிளகாய்ச் சட்னியை ஊற்றுவது சமைத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

வஹாகாவில் மோலே ஏழு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: நெக்ரோ, ரோஹோ, கொலோராதீத்தோ, அமரீயோ, வெர்தே, சிச்சிலோ, மன்சமன்தேலெஸ். ஊருக்கு ஊர் இன்னும் எத்தனையோ. முதல் தடவை போகிறவர்கள் ஏழையும் ஒரே வேளையில் ருசித்துவிட நினைப்பார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் மாதிரி தரும் இடங்கள் உண்டு, அது நல்ல வழிதான். ஆனால் நாலாவது கிண்ணத்துக்கு மேல் நாக்கு மரத்துப்போகும். இரண்டு பேர் போனால் ஒரு நெக்ரோவும், ஓஹா சான்தா இலையும் பச்சை மூலிகைகளும் மணக்கும் வெர்தேயும் சொல்லுங்கள். ஒன்று கனம், ஒன்று லேசு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சிச்சிலோவைச் சொல்லுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாட்டுக்கறியோடுதான் வரும்.

மோலே எவ்வளவு தூரம் தனித்து நிற்கும் என்பதற்கு மெக்சிகோ சிட்டியில் என்ரிக்கே ஓல்வேரா 2000-ல் தொடங்கிய புஹோல் உணவகமே சாட்சி. அங்கே வரும் புகழ்பெற்ற தட்டில் கறியே கிடையாது. ஆயிரம் நாளுக்கும் மேலாகச் சூடுபடுத்திச் சூடுபடுத்தி வளர்த்த பழைய மோலே ஒரு வட்டம், அதன் நடுவே அன்று செய்த புது மோலே ஒரு சின்ன வட்டம். தொட்டுச் சாப்பிட டோர்ட்டியா எனும் மெல்லிய சோள அடை. அவ்வளவுதான். கரண்டி, முள்கரண்டி எதுவும் வைக்க மாட்டார்கள்.

டோர்ட்டியாவை ஆறவிடுவது

துணி சுற்றிய கூடையில் டோர்ட்டியா வரும். எல்லோரும் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று துணியை விரியத் திறந்து வைத்துவிடுவோம். இரண்டு நிமிடத்தில் ஓரம் விறைத்து, ஐந்து நிமிடத்தில் அட்டையாகிவிடும். துணியை லேசாக விலக்கி, மேலே இருப்பதை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவி, உடனே துணியை மூட வேண்டும். ஆவி உள்ளேயே இருக்கும். ஆறிவிட்டதா, சூடாக வேறு கேளுங்கள். நல்ல இடத்தில் அதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த டோர்ட்டியாவுக்குப் பின்னால் ஒரு ராத்திரி வேலை இருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அப்படியே ஊறவிட்டு, மறுநாள் கழுவி அரைக்கிறார்கள். தோல் கழன்று மாவுக்கு ஒட்டும் பதம் வருவது அந்தச் சுண்ணாம்பால்தான். சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் எனும் வைட்டமின் சத்தை விடுவிப்பதும் அதுவே. இந்த வித்தை தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துப்போய் அதையே முழு உணவாக்கிக்கொண்ட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் பகுதியிலும் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. அதனால் டோர்ட்டியாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டி கேட்பது சரியில்லை. கையால் கிழித்துத் தொட்டுச் சாப்பிடுவது எவ்வளவு உயர்ந்த உணவகத்திலும் இயல்பு. நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெள்ளைத் துணி விரித்த மேசையைக் கண்டதும் கத்தியையும் முள்கரண்டியையும் தேடுகிறவர்கள் நாம்தான்.

'நாங்க சாப்பிடாத காரமா?'

மிளகாய் நம் ஊருக்கு வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில். வித்தை பிறந்த இடத்தில் வீரம் காட்ட வேண்டாம். வஹாகா சமையலில் மிளகாய் பெரும்பாலும் ருசிக்கும் மணத்துக்கும் சேர்வது, எரிச்சல் குறைவு. அதை நம்பி யுகத்தானுக்குப் போய், கொச்சினீத்தா பிபில் எனும் பன்றிக்கறித் தட்டோடு வரும் சின்னக் கிண்ணத்துச் சால்சாவை மொத்தமாகக் கவிழ்த்தால் தொலைந்தது. அது ஆபனேரோ. மிளகாயின் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை போகும். அந்தச் சமையலில் கறி சாதுவாக இருக்கும், காரம் தனியாக வரும், வேண்டிய அளவு நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்வர் 'நோ பிகா', காரமில்லை என்று சொன்னால் அவர் கணக்கில் காரமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டி நுனியால் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வஹாகாவில் காசா வஹாகா போன்ற சில இடங்களில் சால்சாவை உங்கள் மேசைப் பக்கத்திலேயே கல்லில் இடித்துத் தருவார்கள். எவ்வளவு காரம் என்று அப்போது கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது

நம் வாசகர்களில் பலருக்கு இதுதான் தலைவலி. 'கறி வேண்டாம்' என்று ஸ்பானிய மொழியில் சொன்னால் மாட்டுக்கறி வேண்டாம் போலிருக்கிறது என்று கோழியோடு வரலாம். கோழியும் மீனும் வேண்டாம் என்று சொன்னாலும் பிரச்சினை தீராது. பீன்ஸ் மசியல் பன்றிக்கொழுப்பில் வதங்கியிருக்கும். சிவப்புச் சோறு கோழி வடிசாற்றில் வெந்திருக்கும். த்லாயுடா எனும் பெரிய மொறுமொறு டோர்ட்டியாவில், மற்றதற்கெல்லாம் அடியில் அசியென்தோ என்று பழுப்பாக ஒன்று தடவியிருப்பார்கள், அது பன்றிக்கொழுப்பு உருக்கும்போது அடியில் தங்கும் வண்டல். தமால் எனும் சோளமாவுக் கொழுக்கட்டையிலும் பன்றிக்கொழுப்பு.

மோலேயில் சங்கடம் இன்னும் அதிகம். விழுது முன்கூட்டியே, பல சமயம் நாள்கணக்கில் முன்பே தயாராகிவிடும். மேசையில் உட்கார்ந்துகொண்டு 'கொழுப்பில்லாமல் செய்து கொடுங்கள்' என்றால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்: கறி, கோழி, மீன், 'மான்தேக்கா' எனும் பன்றிக்கொழுப்பு, 'கால்தோ தே பொயோ' எனும் கோழி வடிசாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக. முன்கூட்டிச் சொன்னால் பூசணிப்பூ, காளான், கள்ளி இலை, பீன்ஸ் என்று அருமையாகச் செய்து தருவார்கள். அந்த மண்ணில் காய்கறிக்குக் குறைவில்லை.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மெஸ்காலோடு ஆரஞ்சுத் துண்டும் செங்காவி நிறத்தில் உப்பும் வரும். மிளகாய்ப் பொடி கலந்த உப்பு என்று நினைத்துத் தொட்டுக்கொள்வார்கள். மிளகாயோடு அதில் கற்றாழைப் புழுவும் பொடித்துச் சேர்த்திருக்கும். சபுலீன் எனும் வெட்டுக்கிளி வறுவல் குவாக்கமோலே எனும் வெண்ணெய்ப்பழ மசியல் மேலே தூவலாக வரும், சிக்கத்தானா எறும்பு சால்சாவில் அரைபட்டிருக்கும். அசைவக்காரர்கள் துணிந்து சாப்பிடலாம். பூண்டும் எலுமிச்சையும் ஏறிய வெட்டுக்கிளி நல்ல மொறுமொறுப்பு. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் பூச்சி பக்கம் போக வேண்டாம், அதே ஒவ்வாமை இதிலும் வரலாம். கடலை, எள், பாதாம் ஒவ்வாதவர்கள் மோலேக்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

பருவம் பார்க்காமல் கேட்பது

சிக்கத்தானா முதல் பெருமழையோடு சில நாட்கள் மட்டுமே புற்றிலிருந்து கிளம்பும். சோளக்கதிரில் வளரும் உயித்லாகோச்சே பூஞ்சைக்கும் மழைக்காலம்தான். வால்நட் சாறு ஊற்றிய பூரண மிளகாயான, புவெப்லாவின் சிலெஸ் என் நொகாதாவுக்குப் புது வால்நட்டும் மாதுளையும் வேண்டும் என்பதால், அதை ஆகஸ்ட், செப்டம்பரில் சாப்பிடுவதே முறை. பிப்ரவரியில் கிடைத்தால் அது சுற்றுலாக்காரருக்காகச் செய்தது. அந்தத் தட்டு சூடாக வராது, சாதாரண வெப்பத்தில்தான் வரும். ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

மெஸ்காலை ஒரே மடக்கில் அடிப்பது

எஸ்பதீன் வகைக் கற்றாழை முதிர 6 முதல் 8 ஆண்டு ஆகும். காட்டுவகையான தெபெஸ்தாத்தே 25 ஆண்டுவரை எடுத்துக்கொள்ளும். மெனுவில் அதன் விலை எகிறுவது அதனால்தான். பெரும்பாலும் 45 சதவீதம் அளவுக்கு மது கொண்ட மெஸ்காலை எலுமிச்சை, உப்பு என்று நக்கி ஒரே மடக்கில் விழுங்கினால் காசும் போச்சு, ருசியும் போச்சு. உதடு நனையும் அளவுக்குச் சிறு சிறு மிடறாக, சாப்பாடு முழுக்க நீட்டிக் குடிப்பார்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் எஸ்பதீனில் தொடங்குங்கள்.

பில் வரவில்லை என்று கோபப்படுவது

கேட்காமல் பில்லை வைப்பது அங்கே 'எழுந்து போ' என்பதற்குச் சமம். மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கொண்டு வர மாட்டார்கள். 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்க வேண்டும். சாப்பிட்டு எழுந்து போகிற பக்கத்து மேசைக்காரர் உங்களைப் பார்த்து 'ப்ரோவேச்சோ' என்றால் ஏதோ விற்க வருகிறார் என்று திரும்பிக்கொள்ளாதீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துகிறார், 'கிராசியாஸ்' சொன்னால் போதும்.

மெனுவில் விலைக்கு முன்னால் இருப்பது டாலர் குறியேதான், ஆனால் அது பெசோ. 480 என்று பார்த்து அதிர வேண்டாம். 16 சதவீத வரி அந்த விலைக்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் 10 முதல் 15 சதவீதம் கொடுப்பது வழக்கம். பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயிலா பெசோவிலா என்று கேட்டால் பெசோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கையைக் கடித்துவிடும்.